மூன்று வரிக் கவிதைக்கு என்ன பதில் சொல்வது?

எங்கள் வேலூர் நண்பர் கூட்டத்தில் யாரும் நீளக் கவிதை கொண்டு வருவதில்லை. ஹைக்கூ, சென்ரியு, லிமரைக்கூ, பழமொன்ரியு, ஒற்றை வரி, எப்போதாவது ஒரு குறள் வெண்பா என்று எல்லாம் சின்னச் சின்னதாகவே வரும். எழுதியவர் படித்து முடிக்க அரை நிமிடம் ஆகாது. அப்புறம் எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பார்கள். புதிதாக வந்தவருக்கு அப்போதுதான் சிக்கல். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்துவிடுவார். பக்கத்தில் இருக்கும் பெரியவர் விடமாட்டார். "இன்னா நல்லா இருக்கு? எது நல்லா இருக்கு? சொல்லுப்பா!" என்பார்.

அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதுதான் இங்கே விஷயம். குறுங்கவிதை எழுதுவது எப்படி என்று சொல்ல ஆட்கள் நிறைய. படித்தவர் என்ன சொல்லலாம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதியவருக்கு உங்கள் பாராட்டும் வேண்டாம், பொழிப்புரையும் வேண்டாம். உங்கள் வாசிப்பு எந்தச் சொல்லில் நின்றது, எங்கே திரும்பியது, எங்கே வழுக்கிக்கொண்டு போனது என்று சொன்னால் போதும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

பழகிக்கொள்ள ஒரு மூன்று வரி

யார் எழுதினார் என்றே தெரியாத ஒன்றில் பழகுவது நல்லது. யார் மனமும் புண்படாது. வேலூரைப் பற்றி ஊரெல்லாம் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு:

சாமி இல்லாத கோயில்
ராஜா இல்லாத கோட்டை
தண்ணி இல்லாத ஆறு

இதோடு இன்னும் ஓரிரு அடி சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். பெண்களைப் பற்றிய அடியை எங்கள் கூட்டத்தில் சொன்னால் அன்றைக்கு அவருக்கு டீ கிடையாது.

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பெரும்பாலோர் சரித்திரத்தில் இறங்குவார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை, லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது, 1981-ல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள், அதனால் முதல் அடி இப்போது செல்லாது என்பார்கள். சரியான தகவல்தான். ஆனால் இது கவிதைக்குப் பதில் ஆகவில்லை, ஊருக்குப் பதில்.

இன்னொருவர் இப்படிச் சொல்லலாம்: "சாமியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டோம். ராஜா இனி நமக்குத் தேவையில்லை. மூன்றாவது அடிதான் என்னை நிறுத்துகிறது, அதற்கு மட்டும் யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை." இது பதில். எங்கே நின்றார், ஏன் நின்றார் என்று சொல்லிவிட்டார். மற்றொருவர், "ஆற்றை முதல் அடியில் வைத்திருந்தால் மற்ற இரண்டும் வெறும் கிண்டலாகப் போயிருக்கும்" என்றால் அதுவும் பதில்தான். அடிகளின் வரிசையை அவர் கவனித்திருக்கிறார். "இல்லாத" என்ற சொல் மூன்று அடியிலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதை ஒருவர் சொன்னால், அவருக்கு இந்தக் கட்டுரை தேவையே இல்லை.

வடிவம் என்ன என்று முதலில் கேளுங்கள்

கேட்பதில் வெட்கம் வேண்டாம். எந்த விதியை ஒப்புக்கொண்டு எழுதினார் என்று தெரியாமல் கருத்துச் சொன்னால், கபடி ஆட்டத்தைக் கோ-கோ விதி வைத்துத் தீர்ப்பு சொன்ன மாதிரி ஆகிவிடும்.

ஹைக்கூ ஜப்பானிலிருந்து வந்தது. பாரதியார் 1916-லேயே சுதேசமித்திரனில் இதைப் பற்றி எழுதினார். ஜப்பானிய மொழியில் 5, 7, 5 என்று பதினேழு ஒலியலகுகள். தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்வதில்லை. மூன்று வரி, இரண்டு காட்சி, நடுவில் ஒரு வெட்டு, இவ்வளவுதான் இங்கே விதி. யாராவது விரல் விட்டு எண்ணி "முதல் வரியில் ஐந்து இல்லையே" என்றால், அவரை மரியாதையாக டீ வாங்கி வர அனுப்பிவிடலாம். நம் வட்டாரத்துக்கும் இந்த வடிவத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. தமிழில் ஹைக்கூவை முன்னெடுத்தவர்களில் ஒருவரான கவிக்கோ அப்துல் ரகுமான், வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் பல ஆண்டுகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர்.

சென்ரியுவும் மூன்று வரிதான். இயற்கைக்குப் பதில் மனிதரின் அசட்டுத்தனமும் கிண்டலும் வரும். இது ஹைக்கூவா சென்ரியுவா என்று மணிக்கணக்கில் சண்டை போடுவது வீண். எழுதியவர் எந்தப் பெயர் சொல்கிறாரோ அதை ஏற்றுக்கொண்டு மேலே போங்கள். லிமரைக்கூ, லிமரிக் என்ற ஆங்கில வேடிக்கைப் பாட்டையும் ஹைக்கூவையும் சேர்த்துக் கட்டியது. முதல் வரியும் மூன்றாம் வரியும் இயைபாக முடியும், நடுவரி நீளம். பழமொன்ரியு, பழமொழியைச் சென்ரியுவுக்குள் நுழைத்துத் திருப்புவது. இந்த இரண்டையும் தமிழுக்குத் தந்தவர் ஈரோடு தமிழன்பன். ஆங்கிலத்திலிருந்து வருகிற ஐந்து வரி வடிவம் ஒன்றும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். அமெரிக்கக் கவிஞர் அடிலெய்டு கிராப்சி வகுத்தது. அசைகள் 2, 4, 6, 8 என்று ஏறிக் கடைசியில் சட்டென்று 2 ஆகிவிடும். அந்தச் சறுக்கலில் உங்களுக்கு ஏதாவது நடந்ததா என்று மட்டும் பாருங்கள்.

குறள் வெண்பா வந்தால் கொஞ்சம் கவனம். ஏழு சீர், வெண்டளை, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற ஓசை வாய்பாடுகளில் ஒன்று. தளை தட்டினால் தட்டுகிறது என்று சொல்வது குற்றம் கண்டுபிடிப்பது ஆகாது. அவர் ஒப்புக்கொண்ட விதி அது. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

மாலைமாற்று என்ற வடிவம் அபூர்வமாக வரும். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்க வேண்டும். திருஞானசம்பந்தர் மூன்றாம் திருமுறையில் "யாமாமாநீ யாமாமா" என்று தொடங்கி ஒரு பதிகமே இப்படிப் பாடியிருக்கிறார், பாட்டுக்கு இரண்டே அடி. இந்த வடிவத்தில் பொருள் கொஞ்சம் நொண்டத்தான் செய்யும். முதலில் பின்னாலிருந்து எழுத்து எழுத்தாகச் சரி பாருங்கள். அப்புறம் நொண்டிக்கொண்டாவது பொருள் எவ்வளவு தூரம் வந்தது என்று வியப்பதுதான் நியாயம்.

வாய்விட்டுப் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். சின்னக் கவிதையைக் கண்ணால் பார்த்தாலே முடிந்துவிடுகிறது, வாய் எதற்கு என்று நினைக்கிறார்கள். திருக்குறளில் துறவு அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குறள் (341):

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்

சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். உதடுகள் ஒரு தடவைகூட ஒட்டாது. விலகுவதைச் சொல்லும் குறள், விலகியே இருக்கிறது. இது பலருக்குத் தெரிந்த செய்திதான், பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிடுவார்கள். அதே அதிகாரத்தின் கடைசிக் குறளையும் (350) சேர்த்துச் சொல்லுங்கள்:

பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப்
பற்றுக பற்று விடற்கு

ஏழு சீரில் ஆறு சீர் உதட்டை ஒட்ட வைக்கிறது. பகரம் இல்லாத ஒரே சீர் "விடற்கு". விடு என்று சொல்லும் இடத்தில்தான் உதடுகளும் ஒன்றையொன்று விடுகின்றன. வள்ளுவர் திட்டமிட்டுச் செய்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். கண்ணால் மட்டும் படித்திருந்தால் இதைப் பார்த்திருக்கவே முடியாது, அவ்வளவுதான் நான் சொல்வது.

படிக்கும்போது வரி முடியும் இடத்தில் நில்லுங்கள். மூன்று வரியையும் ஒரே மூச்சில் ஒரு வாக்கியமாகப் படித்தாலும் ஒன்றும் இழக்கவில்லை என்றால், வரி உடைப்பு வெறும் அலங்காரம். அதைக் குறித்து வையுங்கள், சொல்ல வேண்டிய விஷயம்.

இதில் நாம் உருதுக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் உருது பேசுகிறவர்கள் நிறைய. முஷாயிராவில், அதாவது உருதுக் கவியரங்கத்தில், கவிஞர் ஷேர் சொல்லும்போது கவனித்திருப்பீர்கள். ஷேர் என்றால் இரண்டே அடி. முதல் அடியைச் சொன்னதும் கேட்கிறவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். கவிஞர் மறுபடி அதே அடியைச் சொல்வார். இரண்டாம் அடிக்கு எல்லோரும் காத்திருப்பார்கள். அது வந்து விழுந்ததும் "வாஹ் வாஹ்!" பிடித்துப்போனால் "முகர்ரர்" என்று குரல் வரும், இன்னொரு முறை சொல்லுங்கள் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்து குறுங்கவிதைக்கு இதைவிட நல்ல முதல் பதில் கிடையாது. கருத்து ஒன்றும் தோன்றாவிட்டால் "இன்னொரு தடவை படிங்க" என்று சொல்லுங்கள். எழுதியவர் முகம் மலர்ந்துவிடும். உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

மூடிப் பார், எடுத்துப் பார், மாற்றிப் பார்

இப்போது வேலை. ஒரு ஹைக்கூவை வைத்துச் செய்து காட்டுகிறேன்.

பாலாற்றுப் பாலம்
மெதுவாகப் போகிறது ரயில்
கீழே கிரிக்கெட்

முதலில் உங்களுக்காக மட்டும் ஒரு தெளிவுரை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வாக்கியம் போதும். நம் வட ஆர்க்காட்டுக்காரர் மு.வரதராசனார் (1912-ல் திருப்பத்தூரில் பிறந்தவர்) இரண்டடிக் குறளுக்கு ஓரிரு வாக்கியத்தில் தெளிவுரை எழுதி வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார் இல்லையா, அந்த மாதிரி. "பாலாறு வறண்டு கிடக்கிறது, அதில் பையன்கள் விளையாடுகிறார்கள், மேலே ரயில் போகிறது." இதைக் கூட்டத்தில் படிக்கக் கூடாது. எழுதியவருக்குத் தன் கவிதையின் அர்த்தம் தெரியும். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெளிவுரைக்குள் வராமல் போனது என்ன என்று பாருங்கள். அதைப் பற்றித்தான் நீங்கள் பேசப்போகிறீர்கள். ஒன்றுமே விட்டுப்போகவில்லை, எல்லாம் வாக்கியத்துக்குள் வந்துவிட்டது என்றால், அங்கே கவிதை இல்லை, செய்திதான் இருக்கிறது.

இங்கே என்ன விட்டுப்போனது? "வறண்டு" என்ற சொல் என் தெளிவுரையில் இருக்கிறது, கவிதையில் இல்லை. தண்ணீர் என்ற பேச்சே இல்லை. கிரிக்கெட் என்ற ஒரு சொல் அந்த வேலையைப் பார்த்துவிட்டது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னால் பாதிப் பதில் தயார்.

அடுத்து மூன்றாவது வரியைக் கையால் மூடுங்கள். பாலம், ரயில், கீழே என்ன வரும் என்று ஊகியுங்கள். வேலூர்க்காரர் "மணல்" என்பார், "லாரி" என்பார். வெளியூர்க்காரர் "தண்ணீர்" என்பார். கையை எடுத்தால் கிரிக்கெட். ஊகத்துக்கும் வந்ததற்கும் நடுவில் உள்ள தூரம்தான் அந்த வெட்டு. நான் பார்த்த தமிழ் ஹைக்கூக்களில் பாதிக்குமேல் இந்தச் சோதனையில் விழுந்துவிடும். மூன்றாம் வரியில் திடுக்கிட வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் பட்டிமன்ற ஜோக் மாதிரி எழுதுகிறார்கள், அதையும் நாம் முன்கூட்டியே ஊகித்துவிடுகிறோம். ஊகித்துவிட்டால் ஊகித்தேன் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். எழுதியவருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறு இல்லை.

அப்புறம் ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பாருங்கள். "மெதுவாக" வேண்டுமா? எடுத்தால் "போகிறது ரயில்". எங்கேயோ போகிற ரயில் ஆகிவிடுகிறது. காட்பாடிக்கும் வேலூர் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்கும் நடுவில் அந்தப் பாலத்தில் போனவருக்குத் தெரியும், ரயில் மெதுவாகப் போனால்தான் கீழே யார் பேட்டிங் என்று பார்க்க முடியும். ஆகவே அந்தச் சொல், சன்னலோரம் ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறது. கவிதையில் "நான்" கிடையாது, ஆனால் பார்க்கிற ஆள் இருக்கிறார். "மெதுவாக"வை எடுத்தால் அந்த ஆள் இறங்கிவிடுகிறார். "பாலாற்று" என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் "பாலம்" என்று வைத்தால்? எந்த ஊர்ப் பாலமும் ஆகிவிடும். பெயரில் பால் ஓடுகிற ஆறு என்ற வலி போய்விடும். ஆக அதுவும் வேண்டும். "போகிறது"? இதை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். "மெதுவாக ரயில்" என்றாலே போதும். கூட்டத்தில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வினை இல்லாவிட்டால் தந்தி மாதிரி ஆகிவிடும் என்பார்கள். நல்ல சண்டை அது, நடக்கட்டும்.

கடைசியாக வரிகளை இடம் மாற்றுங்கள். "கீழே கிரிக்கெட்" முதலில் வந்தால் கவிதை செத்துவிடும், எதற்குக் கீழே என்றே தெரியாது. முதல் இரண்டு வரிகளை மாற்றினால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. அப்படியானால் அந்த வரிசை தற்செயலாக வந்ததா, யோசித்து வைத்ததா என்று எழுதியவரிடம் கேட்கலாம். கேள்வியாகக் கேளுங்கள், குற்றச்சாட்டாக வேண்டாம்.

இவ்வளவும் செய்தபின் நீங்கள் சொல்லப்போவது மூன்று நான்கு வாக்கியம்தான். "தண்ணீர் இல்லை என்று சொல்லாமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கிரிக்கெட் என்ற சொல்லில்தான் நின்றேன். மெதுவாக என்ற சொல்லை எடுத்துப் பார்த்தேன், பார்க்கிறவர் காணாமல் போய்விட்டார், அதை விட்டுவிடாதீர்கள். போகிறது என்பது எனக்குக் கொஞ்சம் இழுத்தது." முடிந்தது. மூன்று வரிக் கவிதைக்கு முப்பது வரி விமர்சனம் எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். அவர்கள் தங்களைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள்.

காது முந்திக்கொண்டால்

லிமரைக்கூவில் சோதனை வேறு மாதிரி. அங்கே இயைபுதான் கதாநாயகன்.

ஆம்பூரில் கல்யாண விருந்து
மாப்பிள்ளை பெயர் கேட்காமலே மூன்றாம் தட்டு முடித்தவர் கேட்கிறார்
பக்கத்தில் எங்கே கிடைக்கும் மருந்து

சிரிப்பு வருகிறது. நடுவரி நீளம், நீண்டுகொண்டே போவதே அவர் சாப்பிட்ட சாப்பாடு மாதிரி இருக்கிறது, அதைச் சொல்லலாம். ஆனால் முதல் வரி "விருந்து" என்று முடிந்த உடனேயே "மருந்து" வரும் என்று காது சொல்லிவிடுகிறது. "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று பாட்டி காலத்திலிருந்து கேட்ட ஜோடி. மூன்றாம் தட்டு என்ற எண் அந்தப் பழமொழியை வேண்டுமென்றே சீண்டுகிறதா என்று யோசிக்கலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் அது இயைபின் அலுப்பை முழுதாகத் தீர்க்கவில்லை. சிரித்தேன் என்பதையும் சொல்லுங்கள், முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்பதையும் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டாம். இதே வகையில் வருவதுதான் வேலூர், வெயிலூர் சிலேடை. அக்னி நட்சத்திரம் தொடங்கினால் அதை எழுதாத கவிஞர் எங்கள் ஊரில் கிடையாது.

பழமொன்ரியுவில் இன்னொரு ஆபத்து.

அடிமேல் அடி
அம்மி நகரவில்லை
தாலுகா ஆபீஸ்

இதைப் படித்ததும் ஒருவர் பட்டா மாற்றப் போன கதையை ஆரம்பிப்பார். அடுத்தவர் வாரிசுச் சான்றிதழ். கால் மணி நேரத்தில் கவிதையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கவிதை தன் வேலையைச் செய்துவிட்டது என்பதற்கு இது அத்தாட்சிதான், மறுக்கவில்லை. ஆனாலும் உங்கள் கதையை ஒரு வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டு, அது எந்தச் சொல்லால் கிளம்பியது என்று சொல்லப் பழகுங்கள். இங்கே "அடி" என்பது காலடியாகவும் படுகிறது, வாங்குகிற அடியாகவும் படுகிறது. ஆபீஸுக்கு நடந்த காலடி என்று முதலில் படித்தீர்களா, மற்றதையா? அதைச் சொன்னால் எழுதியவர் குறிப்பேட்டை எடுப்பார்.

சொல்லாமல் விடவேண்டியவை

"அருமை", "சூப்பர்", "செம" ஆகியவை சத்தம் மட்டுமே. சொல்லாதீர்கள் என்று தடை இல்லை, அதற்குப் பின் ஒரு வாக்கியம் வரட்டும். "இதெல்லாம் கவிதையா" என்று கேட்க வேண்டாம், கேட்டால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். நீங்களே திருத்தி எழுதிய வடிவத்தைக் கேட்காமல் நீட்டாதீர்கள். "நான் எழுதியிருந்தால்" என்று தொடங்கும் வாக்கியத்தைப் பாதியிலேயே நிறுத்துவது நல்லது.

வயது, உறவு விஷயமும் இருக்கிறது. எழுதியவர் உங்கள் பழைய வாத்தியாராக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம். "சார், இந்த இடத்துல எனக்குத் தடுக்குது" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. "இந்த இடம் தப்பு" என்றால்தான் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். தடுக்கியது நீங்கள், உங்கள் வாசிப்பு. அதை யாரும் மறுக்க முடியாது.

புரியவில்லை என்றால்

புரியவில்லை என்று சொல்லுங்கள். எந்த வரிவரை புரிந்தது என்றும் சொல்லுங்கள். திருவண்ணாமலை அருணகிரிநாதருக்கும் வில்லிபுத்தூரார்க்கும் நடந்த வாதத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அருணகிரியார் கந்தரந்தாதி பாடப்பாட, வில்லிபுத்தூரார் உடனுக்குடன் உரை சொல்லிக்கொண்டே வந்தாராம். "திதத்தத்தத் தித்த" என்று தகர வரிசை எழுத்துகளிலேயே ஒரு பாட்டு வந்தது. வில்லிபுத்தூரார் நின்றுவிட்டார். தோற்றவர் காதை அறுக்கும் வழக்கம் உள்ளவர் அவர், ஆனால் அருணகிரியார் அவர் காதை அறுக்காமல் விட்டுவிட்டார் என்று கதை முடிகிறது. நம் கூட்டங்களில் காதுக்கு ஆபத்து கிடையாது. அதனால் தைரியமாகச் சொல்லலாம்.

எழுதியவர் உடனே விளக்க ஆரம்பித்தால் கொஞ்சம் தடுங்கள். எல்லோரும் பேசி முடிக்கும்வரை அவர் வாய் திறக்காமல் இருப்பது எங்கள் வழக்கம். அவர் விளக்கிவிட்டால் அப்புறம் யாரும் கவிதையைப் படிக்க மாட்டார்கள், விளக்கத்தைத்தான் படிப்பார்கள்.

கவிதையாலேயே பதில்

கொஞ்சம் பழகியபின் இதை முயலுங்கள், முதல் நாளே வேண்டாம். ஹைக்கூ பிறந்ததே பதிலோடுதான். ஜப்பானில் பலர் சேர்ந்து தொடராகப் பாடும் ரெங்கா என்ற வழக்கம் இருந்தது. ஒருவர் 5, 7, 5 பாடுவார், அடுத்தவர் 7, 7 என்று இரண்டு வரியில் தொடர்வார், அடுத்தவர் மறுபடி மூன்று வரி. முதல் மூன்று வரிக்கு ஹொக்கு என்று பெயர். பாஷோ இந்தத் தொடர்கவிதையில் பெரிய ஆசான். மசாவொகா ஷிக்கி (1867–1902) வந்துதான் அந்த முதல் மூன்று வரியைத் தனியாக நிறுத்தி ஹைக்கூ என்ற பெயரை நிலைக்கச் செய்தார்.

நமக்கும் இது புதிதில்லை. காஞ்சி ஏகாம்பரநாதர் உலா பாடிய இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் நடக்காது. ஒருவர் வெண்பாவின் முதல் இரண்டடியைப் பாட, மற்றவர் பின் இரண்டடியைப் பாடி முடிப்பார் என்பது அவர்களைப் பற்றிய செய்தி. ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்லும் போட்டிகளும் இதே குடும்பம்தான்.

செய்முறை எளிது. வந்த கவிதையின் சொற்களைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். அதே காட்சிக்குள் ஒரு அடி நகர்ந்து நில்லுங்கள். மேலே உள்ள பாலாற்றுக் கவிதைக்கு இப்படித் தொடரலாம்:

பந்து தேடிப் போனவன்
ஊற்று தோண்டிய குழியில் கை விடுகிறான்

ரயிலில் இருந்தவர் பார்க்க முடியாத இடத்துக்கு இது இறங்கிவிட்டது. பந்தைத் தேடிய கைக்கு ஈரம் பட்டதா இல்லையா என்று சொல்லவில்லை, அடுத்தவர் தொடர இடம் இருக்கிறது. "வறண்ட ஆறே, அழுகிறேன்" என்று பதில் எழுதியிருந்தால் முதல் கவிதை சொல்லாமல் விட்டதைச் சொல்லிக் கெடுத்ததாகிவிடும்.

எழுதிக் கொடுக்கும்போது

பேசக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். எங்களிடம் கவிதையை ஒரு சீட்டில் எழுதி, கீழே நிறைய இடம் விட்டுச் சுற்றுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. பெயர் பின்பக்கம் இருக்கும், எல்லோரும் எழுதியபின்தான் திருப்ப வேண்டும். பெயர் தெரியாதபோது வாத்தியாரும் மாமாவும் ஒன்றுதான். சீட்டில் முதல் வரியாக நீங்கள் நின்ற சொல்லை எழுதி அடிக்கோடு போடுங்கள். அடுத்து ஏன் நின்றீர்கள் என்று ஒரு வாக்கியம். எடுத்துப் பார்த்ததில் எதுவும் கெடாத சொல் இருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம். அவ்வளவுதான். மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு எழுதாதீர்கள், முதலில் உங்களுடையது, அப்புறம் மற்றவர்களுடையது.

பல பேர் ஒரே சொல்லுக்கு அடிக்கோடு போட்டிருந்தால் எழுதியவருக்கு வேலை மிச்சம். ஆளுக்கொரு சொல்லுக்குப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் நல்ல கவிதையாக இருக்கும், அல்லது யாருக்கும் பிடிபடாத கவிதையாக இருக்கும். எது என்று வட்டங்களை எண்ணினால் தெரிந்துவிடும். அடுத்த மாதம் அவர் திருத்தி எழுதிக்கொண்டு வருவார். அப்போது பழைய சீட்டையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நீங்கள் வட்டம் போட்ட சொல் இன்னும் அங்கேயே இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏன் வைத்திருக்கிறார் என்று டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம்.